ஸ்ப்ரேயா, கராத்தேயா? வாசகர் கேள்விகள்

கே: இரவுப் பணி முடிந்து தனியாக வீடு திரும்புகிறேன். பெப்பர் ஸ்ப்ரே வாங்குவதா, கராத்தே வகுப்பில் சேர்வதா?

ப: இப்போதைக்கு ஸ்ப்ரே. அதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் கையில் வைத்திருப்பதே குற்றம். ஸ்ப்ரே ஆளை இரண்டு, மூன்று மீட்டர் தள்ளி நிறுத்தும். ஆனால் அவன் உங்கள் கையைப் பிடித்துவிட்டால் பைக்குள் துழாவ நேரம் இருக்காது. பிடியை உதறிவிட்டு ஓடத் தெரிந்திருக்க வேண்டும். அது கைவர மாதக்கணக்காகும், அதனால் வகுப்பிலும் சேருங்கள்.

கே: '50 லட்சம் வோல்ட்' என்று போட்ட ஸ்டன் கன் வாங்கினேன், உடம்பில் வைத்து மின்சாரம் பாய்ச்சும் கருவி. ஆள் சுருண்டு விழுவான் என்று சொல்லி விற்றார்கள். வழிமறித்தவன் மேல் வைத்தேன். கையை உதறிக்கொண்டு மறுபடி வந்தான். ஆட்கள் ஓடி வந்ததால் தப்பித்தேன்.

ப: நீங்கள் தப்பித்ததே பெரிய ஆறுதல். உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. அந்த வோல்ட் கணக்கு பச்சைப் பொய். காற்றில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய ஏறக்குறைய 30,000 வோல்ட் போதும். உங்கள் கருவியின் இரண்டு முனைகளுக்கு நடுவே மிஞ்சிப்போனால் மூன்று சென்டிமீட்டர் இருக்கும். ஒரு லட்சத்தைத் தொடுமுன்பே பொறி பாய்ந்துவிடும். 50 லட்சம் எங்கிருந்து வரும்? தவிர, தொட்டு அழுத்தும் கருவி அந்த இடத்தில் வலியைத் தரும், அவ்வளவுதான். ஆளை முடக்குவது ஊசி பாய்ச்சும் டேசர் வகை. அதிலும் இரண்டு ஊசிகள் தள்ளித் தள்ளிக் குத்தினால்தான் இடையிலுள்ள தசைகள் இறுகும். இதெல்லாம் விற்பவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் படபடவென்று சத்தத்தையும் நீலப் பொறியையும் காட்டி, பயந்தவர்களிடம் காசு பறிக்கிறார்கள். பெட்டி, ரசீது, விளம்பரம் எதையும் தூக்கிப் போடாமல் நுகர்வோர் புகார் கொடுங்கள். விடாதீர்கள்.

கே: 20 லட்சம் ஸ்கோவில் காரம் என்று போட்ட ஸ்ப்ரே நல்லதா?

ப: ஸ்கோவில் என்பது காரத்தின் அளவு. அது உள்ளே கலக்கும் மிளகாய்ப் பிசினின் காரம், டப்பாவில் இருப்பதன் காரமல்ல. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசினாய்டு எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

கே: ஐந்து வருடமாக ஸ்ப்ரே காரிலேயே கிடக்கிறது. வேலை செய்யுமா?

ப: வெயிலில் வைக்காதீர்கள், வெடிக்கும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்குமே, ஒரு தடவைகூடப் படிக்கவில்லையா? அழுத்தம் கசிந்திருந்தால் பீய்ச்சாது, விரலில்தான் வழியும். புதிதாக வாங்குங்கள், தேதியை நன்றாகப் பாருங்கள். நான் வாங்கிய ஒன்றில் தேதிமேல் சின்ன வெள்ளை ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் அடியில் முடிந்துபோன ஆண்டு. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்.

கே: இரண்டு நாள் பயிற்சியில் கத்தியைப் பறிக்கக் கற்றுக்கொடுத்துச் சான்றிதழும் தந்தார்கள். மகள் அதை நம்புகிறாள்.

ப: கட்டிய பணத்தைவிட அந்த நம்பிக்கைதான் எனக்குக் கவலை. கத்தி தெரிந்தால் பையை வீசிவிட்டு ஓடு என்று இன்றே சொல்லுங்கள். விட்டுக்கொடுக்கும் ஆளிடம் மரக்கத்தியைப் பறிப்பது பயிற்சியே இல்லை. அடுத்த வகுப்பில் சேருமுன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஜூடோ, குத்துச்சண்டை எதுவானாலும் சரி, எதிராளி நிஜமாகவே எதிர்க்க வேண்டும்.

கே: காரமில்லாத பயிற்சி டப்பா தனியாக விற்கிறார்கள். வீண் செலவா?

ப: இல்லை. ஸ்ப்ரேயோடு சேர்த்தே வாங்குங்கள். இருட்டில் டப்பாவின் பூட்டைக் கட்டைவிரலால் தள்ளி முகத்துக்கு நேராகப் பீய்ச்சக் கை பழக வேண்டும்.