மேப் பார்த்ததுக்கு லைசென்ஸ் சஸ்பெண்டா? ஆர்டிஓ விசாரணைக்குப் போறதுக்கு முன்னாடி

கேள்வி: கால் டாக்ஸி ஓட்டுறேன் சார். கையில போன் வச்சிருந்தேன்னு டிராஃபிக் போலீஸ் கேஸ் போட்டு லைசென்ஸை ஆர்டிஓவுக்கு அனுப்பிட்டாங்க. நான் பேசல, மேப்தான் பார்த்தேன். ஏன் சஸ்பெண்ட் பண்ணக்கூடாதுன்னு நோட்டீஸ் வந்திருக்கு, அடுத்த வாரம் விசாரணை. மன்னிப்பு கேட்டா விட்டுருவாங்களா?

பதில்: தம்பி, பேசவே இல்லன்னா மன்னிப்பு எதுக்கு? கேட்டீங்கன்னா தப்பை ஒத்துக்கிட்டதாத்தான் ஃபைல்ல ஏறும். மோட்டார் வாகனச் சட்டம் 19(1ஏ) பிரிவுல முதல் தடவைன்னா 3 மாசம்னு நேராவே போட்டிருக்கு, "3 மாசம் வரை"ன்னு இல்ல, அதனால ஒரு மாசமா குறைங்க சார்னு கெஞ்சி பிரயோஜனம் இல்ல. ஆனா உங்க பதிலைக் கேட்டுட்டு அப்படியே விடுவிக்கிற அதிகாரமும் அதே பிரிவுல இருக்கு. நாம கேக்க வேண்டியது அதைத்தான்.

உங்களுக்குக் கைகொடுக்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 21. 2020ல திருத்தினப்போ, கவனம் சிதறாத மாதிரி வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம்னு அதுல சேர்த்துட்டாங்க. இதை வாயால சொன்னா பத்தாது, காகிதம் வேணும். சலான்ல இருக்கிற நேரத்தைப் பாருங்க, 10.42னு இருந்தா அதுக்கு முன்னும் பின்னும் கால் மணி நேரத்துக்கு எந்த காலும் இல்லன்னு காட்டுற கால் ஹிஸ்டரி, அந்த நேரம் ஓடிக்கிட்டிருந்த ட்ரிப்போட ஸ்கிரீன்ஷாட், ரெண்டையும் பிரிண்ட் எடுங்க. எழுத்துல பதில் போட்டு அதோட இணைச்சு ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒண்ணுல ஆபீஸ் சீல் வாங்கிக்கோங்க. உண்மையிலேயே அந்த நிமிஷம் பேசியிருந்தீங்கன்னா மட்டும் தயவுசெஞ்சு மேப்னு சொல்லாதீங்க, கால் ரெக்கார்டு எடுத்தா மாட்டிக்குவீங்க, அப்புறம் நீங்க சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க.

லைசென்ஸை வாங்கினப்போ போலீஸ் கொடுத்த தற்காலிக ரசீது பத்திரம், ஆனா இப்படி ஆர்டிஓவுக்கு அனுப்பின கேஸ்ல லைசென்ஸ் திரும்பக் கைக்கு வர்ற வரைக்கும் அதை வச்சு ஓட்ட முடியாது. சஸ்பெண்ட் ஆர்டரும் வந்துட்டா வண்டியைத் தொடவே தொடாதீங்க. 182வது பிரிவுல 3 மாசம் வரை ஜெயில், இல்ல 10,000 ரூபாய் ஃபைன், ரெண்டும் சேர்த்தும் போடலாம், பொழைப்பே போயிடும்.

பாதகமா வந்தா, காரணத்தை விவரமா எழுதின ஆர்டரைக் கேட்டு வாங்குங்க, அப்படி எழுதணும்னு சட்டமே சொல்லுது. கைக்கு வந்த தேதியை அதோட கவர் மேலயே குறிச்சு வைங்க, அப்பீலுக்கு அன்னியிலேர்ந்து 30 நாள்தான்.