மகள் பொலிசுக்குப் போகக் கேட்கிறாள்: கழுவாஞ்சிக்குடித் தாய்க்கு ஒரு பதில்

தங்கச்சி,

போன சனிக்கிழமை நீங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து போனதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. வெளியில் இன்னும் ஆறு பேர் காத்திருந்ததால் உங்களுக்கு இருபது நிமிடம்தான் ஒதுக்க முடிந்தது. அந்த இருபது நிமிடமும் நீங்கள் சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்து, அதன் சிப்பைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தீர்கள். சொல்ல வந்ததில் பாதி எனக்குள்ளேயே தங்கிவிட்டது. அதனால்தான் ஆறுதலாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் மற்றப் பெற்றோரும் வாசிக்கட்டும்.

"பொலிசில சேர்ந்தா கடைசி வரைக்கும் ரோட்டிலதானே நிக்கணும் டீச்சர்? எங்கட புள்ளைகள் மேல வருவாங்களா?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு, "தொண்ணூறாம் ஆண்டை நான் கண்டவள்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டீர்கள். கொலைகளும் காணாமல் போதல்களும் நிறைந்த அந்த 1990ஆம் வருடத்தைப் பற்றி மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்தப் பயத்தைத் தேவையில்லாத பயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் கேள்விக்கு என்னிடம் தெளிவான பதில் இருக்கிறது.

மகள் சொன்னது "எனக்கு ஐ.பி.எஸ். ஆகணும்" என்று. எங்கள் பிள்ளைகளில் அரைவாசிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுப் படமும் யூடியூப்பும் தருகிற சொல் அது. தமிழ்நாட்டின் பொலிஸ் தலைவராக இருந்த சைலேந்திர பாபுவின் வீடியோக்களைப் பார்த்து விடியற்காலையில் ஓடப் பழகிய பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். உங்கள் மகளும் கடற்கரையில் அப்படித்தான் ஓடத் தொடங்கினாளாம். நல்ல விஷயம். ஆனால் ஐ.பி.எஸ். என்பது இந்தியாவின் சேவை, இலங்கையில் அது இல்லை. அவரிடம் இருந்து நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அவர் கல்லூரியில் படித்தது விவசாயம். பொலிசுக்குப் போக இன்ன பாடம்தான் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

இங்கே உள்ள முறையைச் சொல்கிறேன். "மட்டக்களப்புப் பொலிசுக்கு" என்று தனியாக யாரும் விண்ணப்பிக்க முடியாது. நியூயோர்க் நகரத்துக்கு என்று ஒரு பொலிஸ் இருக்கிறது, லண்டனுக்கு என்று ஒன்று இருக்கிறது. நமக்கு நாடு முழுவதற்கும் ஒரே பொலிஸ்தான். மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரம் என்பது 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தில் எழுத்தில் இருக்கிறது, நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே இன்று கழுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ இருக்கும் பொறுப்பதிகாரி நாளைக்கு மாத்தறையில் இருப்பார். மகளுக்கும் அதுதான். இடமாற்றத்தை ஏற்றுக்கொள்ள முடியாத குடும்பம் இந்த வேலையை யோசிக்கவே கூடாது. இதை முதலில் வீட்டில் பேசுங்கள்.

உள்ளே போக மூன்று வாசல் உண்டு. சாதாரண தரத்தோடு போனால் கான்ஸ்டபிள். உயர்தரத்தோடு போனால் உப பொலிஸ் பரிசோதகர், நாங்கள் எஸ்.ஐ. என்கிறோமே அது. பட்டம் முடித்துவிட்டுப் போட்டிப் பரீட்சை எழுதிப் போனால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், ஏ.எஸ்.பி. அதற்கு மேலே அத்தியட்சகர், சிரேஷ்ட அத்தியட்சகர், பிரதிப் பொலிஸ் மா அதிபர், சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர், கடைசியில் பொலிஸ் மா அதிபர். ஏ.எஸ்.பி. பதவிகள் எல்லாமே வெளியில் இருந்து வருபவர்களுக்குப் போவதில்லை. பரிசோதகர்களாக இருந்து பதவி உயர்வில் அந்த இடத்துக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். கீழ் வாசலால் போனவருக்கு மேல்மாடிக்குப் படி இல்லை என்று நினைப்பது தவறு. ஏற வேண்டிய படிகள் அதிகம், அவ்வளவுதான்.

இப்போது தலைவர்களைப் பார்ப்போம். யார் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

இலங்கைப் பொலிஸ் தன் பிறந்த நாளாக 1866 செப்டெம்பர் 3ஐக் கொண்டாடுகிறது. முதல் தலைவர் கெம்பல் ஒரு வெள்ளைக்காரர். பம்பாய்ப் பக்கம் இரத்னகிரியில் ஒரு காவல் படைக்குத் தலைமை தாங்கிவிட்டு இங்கே வந்தவர். இலங்கையர் ஒருவர் அந்தக் கதிரையில் அமர 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முதலாமவரான சேர் ரிச்சர்ட் அலுவிகாரகூடப் பொலிசில் வளர்ந்தவர் இல்லை, சிவில் சேவையில் இருந்து கொண்டுவரப்பட்டவர். 1959இல் வந்த வோல்டர் அபேகோனும் சிவில் சேவைக்காரர்தான். அப்புறம் பொலிசுக்குள்ளேயே வளர்ந்தவர்கள் தலைமைக்கு வருவது வழக்கமானது. ஆனாலும் நீண்ட காலமாக அவர்கள் மேல் வாசல்களால் வந்தவர்களாகவே இருந்தார்கள்.

2025 ஆகஸ்டில் 37ஆவது பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்ட பிரியந்த வீரசூரிய கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர். கான்ஸ்டபிளாகத் தொடங்கி அந்தக் கதிரை வரை வந்த முதல் ஆள் அவர். அது நடக்கப் பொலிஸ் தொடங்கி ஏறக்குறைய 160 வருடம் எடுத்திருக்கிறது. அவர் சட்டத்தரணியும்கூட என்பதை நன்றாகக் கவனியுங்கள். சேர்ந்த வாசல் கீழ் வாசல், ஆனால் படிப்பை விடவில்லை. அப்படி விடாமல் படித்தவர்களுக்குத்தான் அடுத்த படி கிடைத்திருக்கிறது. நான் மகளிடம் சொல்லவேண்டி இருந்ததும் இதுதான். எந்த வாசலால் போகிறாய் என்பது முதல் பத்து வருடத்தை முடிவு செய்யும். போன பிறகு என்ன படிக்கிறாய் என்பது மிச்ச இருபது வருடத்தை முடிவு செய்யும்.

"எங்கட புள்ளைகள்" என்று கேட்டீர்களே, அதற்கும் பெயர் சொல்லியே பதில் சொல்கிறேன். 1982இல் இருந்து 1985 வரை பொலிஸ் மா அதிபராக இருந்தவர் ருத்ரா ராஜசிங்கம். 2002இலும் 2003இலும் அந்தப் பதவியில் இருந்தவர் டி.ஈ. ஆனந்தராஜா. இருவரும் தமிழர். இரண்டு பெயரை வைத்துக்கொண்டு எல்லாம் சரி என்று சொல்ல நான் வரவில்லை. தமிழ் பேசும் அதிகாரிகள் தேவைக்கு மிகக் குறைவு என்பது கிழக்கில் பொலிஸ் நிலைய வாசலை மிதித்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் கதவு பூட்டியிருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். பூட்டியில்லை.

பெண் பிள்ளை என்ற கவலைக்கு வருகிறேன். இலங்கைப் பொலிசில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1952இல். முதல் பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபர் பிம்ஷானி ஜாசின் ஆராச்சி நியமிக்கப்பட்டது 2020இல். இடைவெளி 68 வருடம். அவர் வந்த வாசல் எஸ்.ஐ. வாசல். நியமனம் கிடைத்த பிறகும் அது நிம்மதியாக முடியவில்லை. அடுத்த வருடமே 32 ஆண் அதிகாரிகள் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். சேவைப் பிரமாணத்தில் அந்தத் தரத்தில் பெண்களுக்கு என்று பதவி இல்லை என்பது அவர்கள் வாதம். இதை மகளைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பொலிசில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பதவிகளைத் தனித்தனியாக எண்ணுகிறார்கள் என்பதை அவள் தெரிந்துகொண்டு போக வேண்டும். விளம்பரத்தில் வெற்றிடங்களின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது பெண்களுக்கு எத்தனை என்று தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் தலைமைக்கு வந்த பெண்கள் எந்த வாசலால் வந்தார்கள் என்றும் பாருங்கள். நியூயோர்க்கில் 2024 நவம்பரில் பொலிஸ் ஆணையாளராக வந்த ஜெசிக்கா டிஷ் ஒரு நாளும் கான்ஸ்டபிளாக இருந்தவர் இல்லை. சட்டமும் வணிக நிர்வாகமும் படித்தவர். 2008இல் அந்தத் திணைக்களத்தில் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவில் பகுப்பாய்வாளராகச் சேர்ந்து, பிறகு தகவல் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பாக இருந்து, இடையில் நகரத்தின் குப்பை அகற்றும் திணைக்களத்தையும் நடத்திவிட்டு வந்தவர். லண்டனின் முதல் பெண் ஆணையாளர் கிரெசிடா டிக் கதை வேறு. ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர், ஆனாலும் 1983இல் கான்ஸ்டபிளாகத் தெருவில் இறங்கித்தான் தொடங்கினார். 2017இல் ஆணையாளர் ஆனார். இங்கிலாந்தில் பட்டம் இருந்தாலும் கீழே இருந்து தொடங்குவது வழக்கம், இங்கே பட்டத்துக்கு ஏ.எஸ்.பி. வாசல் திறந்திருக்கிறது. அந்த வகையில் நம் பிள்ளைகளுக்கு வசதி கூட.

சரி, மகள் என்ன செய்வது? உயர்தரத்தில் கலைப் பிரிவு, ஒரு பி, இரண்டு சி. கம்பஸ் கிடைக்குமா என்பது பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியைப் பொறுத்தது. அவளுடைய எண்ணம், கம்பஸ் கிடைத்தால் படித்து முடித்து நேரே ஏ.எஸ்.பி., இல்லாவிட்டால் திரும்ப உயர்தரம் எழுதுவது. இந்த இரண்டாவது பாதியை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

சில வருடத்துக்கு முன் ஒரு தம்பி இதே கேள்வியோடு வந்தார். நல்ல கெட்டிக்காரன். "எஸ்.ஐ. வேண்டாம், பட்டத்தோடு ஏ.எஸ்.பி. போ" என்று நான்தான் சொன்னேன். அவர் திரும்ப உயர்தரம் எழுதினார், கம்பஸ் தொடங்கத் தாமதம், இறுதிப் பரீட்சை தள்ளிப் போனது. பட்டம் கையில் கிடைத்து, அரசாங்க அறிவித்தல்கள் வரும் வர்த்தமானியைப் பார்த்தபோது வயது சில மாதத்தால் கடந்துவிட்டது. எஸ்.ஐ. வயதும் அதற்கு முதலே போய்விட்டிருந்தது. அந்தத் தாள்களை என் மேசையில் பரப்பி வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். அது என் தவறு. அன்றிலிருந்து யாரிடமும் "காத்திரு" என்று நான் சொல்வதில்லை. முதலில் பிறந்த திகதியை எழுதி, ஒவ்வொரு வாசலும் எந்த மாதத்தில் மூடும் என்று பக்கத்தில் எழுத வைக்கிறேன்.

ஆகவே எஸ்.ஐ.க்கு விளம்பரம் வந்தவுடன் மகள் விண்ணப்பிக்கட்டும். கம்பஸ் கிடைத்தால் அப்போது இருந்து யோசிக்கலாம், விண்ணப்பம் போட்டதால் எதுவும் கெட்டுப்போவதில்லை. கம்பஸ் கிடைக்காமல் எஸ்.ஐ. கிடைத்தால் போகட்டும், பயிற்சியும் தகுதிகாண் காலமும் முடிந்த பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டத்துக்குப் பதியட்டும். உயரம், பார்வை, வயது, திருமண நிலை எல்லாம் விளம்பரத்துக்கு விளம்பரம் மாறக்கூடியவை, பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நம்ப வேண்டாம். வெள்ளிக்கிழமைகளில் வரும் வர்த்தமானியை மகளே பார்க்கட்டும். பகுதி ஒன்றில் பதவி வெற்றிட விளம்பரங்கள் வரும். போனிலேயே இறக்கிப் பார்க்கலாம், காசு இல்லை.

சிங்களத்தை இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள். பரீட்சையைத் தமிழில் எழுதலாம். ஆனால் பயிற்சி மைதானத்தில் கட்டளை சிங்களத்தில் வரும், சக அதிகாரிகளோடு பேச்சும் அதில்தான். கல்லடியில் பொலிஸ் பயிற்சி நிலையம் இருக்கிறது என்பதற்காக எல்லாப் பயிற்சியும் அங்கேதான் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். களுத்துறைக்கும் போக வேண்டி வரலாம்.

உங்கள் பயத்துக்கு நான் ஒன்றுதான் சொல்ல முடியும். ஒரு முறை ஒரு தாயோடு துணைக்கு ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். மகளுக்கு நடந்த கொடுமையை முறையிட வந்தவர். வாக்குமூலத்தை எழுதியவருக்குத் தமிழ் அரைகுறை. இந்தத் தாய் அழுது அழுது சொன்னது பத்து நிமிடம், தாளில் வந்தது சிங்களத்தில் ஐந்து வரி. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை, பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். சிறுவர் மகளிர் பிரிவில் தமிழ் தெரிந்த ஒரு பெண் அதிகாரி அன்று இருந்திருந்தால் அந்த ஐந்து வரி மூன்று பக்கமாகியிருக்கும். உங்கள் மகள் போக நினைக்கும் இடம் அந்தக் கதிரை, தங்கச்சி. அவள் அங்கே இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் வாருங்கள், கூட்டம் இருக்காது. மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை மறக்காமல் கொண்டு வாருங்கள். போன முறை பார்த்தபோது சாதாரண தரப் பெறுபேற்றில் முதலெழுத்து இரண்டு இருக்கிறது, அடையாள அட்டையில் ஒன்றுதான் இருக்கிறது. விண்ணப்பம் போட முன் அதைத் திருத்த வேண்டும். கிராம சேவகரிடம் இந்தக் கிழமையே ஒரு சொல் சொல்லி வையுங்கள்.