எட்கர் ஆலன் போவுக்கு முன் அமெரிக்காவில் திகில் கதை எழுதியவர் யார்?

நீங்கள் தேடும் ஆள் சார்லஸ் பிராக்டன் பிரவுன். 1771-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு குவேக்கர் (கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு) குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் வக்கீலாக்கப் பார்த்தார்கள், இவர் 1793-ல் சட்டப் படிப்பை உதறிவிட்டு எழுதப் போனார்.

1798-ல் வந்த ‘வீலாண்ட்’ நாவலை மட்டுமாவது படியுங்கள். பக்தி முற்றிய ஒருவன், தன் காதில் விழுந்த குரல் கடவுளுடையது என்று நம்பி, பெண்டாட்டி பிள்ளைகளையே கொன்றுவிடுகிறான். அங்கே குரலை மாற்றிப் பேசி ஏமாற்றும் கார்வின் என்ற ஆளும் சுற்றிக்கொண்டிருக்கிறான். ஆனால் கொல்லச் சொன்னது கார்வினா, கொன்றவனுடைய மனப்பிரமையா என்பது கடைசிவரை தெளிவாகாது. அந்தக் குழப்பத்தில்தான் திகிலே இருக்கிறது. (நடை கொஞ்சம் இழுவைதான், சொல்லிவிடுகிறேன்.)

அதே ஆண்டு நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சல் பரவி, நண்பர் எலிஹூ ஸ்மித் இறந்தார். இவருக்கும் காய்ச்சல் வந்து பிழைத்தார். ‘ஆர்தர் மெர்வின்’ நாவலில் 1793-ல் ஃபிலடெல்ஃபியாவில் பரவிய அதே மஞ்சள் காய்ச்சல் அவ்வளவு நிஜமாக வருவது சும்மா இல்லை.

1801-க்குள் ஆறு நாவல்கள். எழுத்து சோறு போடவில்லை, அப்புறம் சகோதரர்களின் வியாபாரம், பத்திரிகை வேலை. 1810-ல் காசநோயில் இறந்தபோது வயது 39. அமெரிக்க எழுத்தாளர்கள் ஹாதோர்னும் போவும் மட்டுமல்ல, இங்கிலாந்தில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எழுதிய மேரி ஷெல்லியும் இவரைப் படித்தவர்தான்.