சொன்னது வெளியே போகுமா?

கேள்வி: பல்கலைக்கழக விடுதியில் தங்கி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சில மாதங்களாகச் சரியான தூக்கமில்லை. புத்தகத்தைத் திறந்தாலே அழுகை வருகிறது. வளாகத்து ஆலோசனை மையத்தில் பேசினால், அது துறைத்தலைவருக்கோ ஊரிலுள்ள அப்பாவுக்கோ தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு முறை வாசலோடு திரும்பிவிட்டேன். போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: போங்கள், இந்த வாரமே போங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாகக் காக்கும் கடமையைச் சிகிச்சையளிப்போருக்கு விதிக்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரக்கூடிய நிலை, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்களில் மட்டுமே அது விலக்கு அளிக்கிறது. அரியர் விழுந்ததும் காதல் முறிந்ததும் அந்த விலக்குகளில் வருவதில்லை.

ஆனால் யாரிடம் பேசுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். துறையில் உங்களுக்கென ஒதுக்கப்பட்ட பேராசிரியர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், வருகைப் பதிவும் அக மதிப்பெண்ணும் அவர் கையில் இருப்பதால், அவரிடம் எல்லாவற்றையும் திறந்து சொல்வது எளிதன்று. மையத்தில் இருப்பவர் உளவியல் பயிற்சி பெற்றவர்தானா என்று கேளுங்கள். முதல் நாளே, "நான் சொல்வதை எழுதிவைப்பீர்களா, அந்தக் குறிப்பு யாரிடம் இருக்கும், எந்த நிலையில் யாரிடம் சொல்வீர்கள்?" என்றும் கேட்டுவிடுங்கள். நல்ல ஆலோசகர் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். பெரும்பாலும் நீங்கள் கேட்கும் முன்பே அவரே சொல்லிவிடுவார். நூறு மாணவர்களுக்குக் குறையாத கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே வழிகாட்டியிருப்பதால், இதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மையத்தின் வாசலில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தோன்றினால், அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், மையம் திறக்கும்வரை காத்திருக்காமல் உடனே அந்த எண்ணை அழைத்து, விடுதித் தோழி ஒருவரையும் அருகில் இருக்கச் சொல்லுங்கள். இன்னொருவருக்குத் தெரிவித்துவிடுவார்களே என்று அதை மட்டும் மறைத்துவிடாதீர்கள். அந்த விலக்கு உங்களைக் காப்பதற்காகவே இருக்கிறது. அப்பாவிடம் எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை, கொஞ்சம் தூக்கம் திரும்பிய பிறகு ஆலோசகருடன் பேசி நீங்களே முடிவு செய்யலாம்.