4கே மானிட்டர் டாக்கில் 30 ஹெர்ட்ஸ்: டெஸ்க்டாப் வாங்கணுமா?

டெஸ்க்டாப் இப்போதைக்கு வேண்டாம். லேப்டாப்பை டாக்கில் (ஒரே கேபிளில் மானிட்டர், சார்ஜ், யூஎஸ்பி எல்லாம் இணைக்கும் பெட்டி) மாட்டினால் 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 30 முறை படம் புதுப்பிப்பதைத் தாண்டவில்லை, மவுஸ் இழுபடுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அது லேப்டாப்பின் குறை இல்லை, டாக்கின் குறை.

யூஎஸ்பி-சி கேபிளில் வேகத் தடங்கள் நான்கு. யூஎஸ்பி 3 போர்ட் உள்ள சாதாரண டாக், அதில் இரண்டைத் தரவுக்கு எடுத்துக்கொள்ளும். மீதி இரண்டில், படத்தை அனுப்பும் பழைய தரமான டிஸ்ப்ளேபோர்ட் 1.2 ஓடினால் 4கே-க்கு 30 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். டாக்கின் எச்டிஎம்ஐ போர்ட் பழைய 1.4 தரமாக இருந்தாலும் இதே கதிதான்.

1. டாக்கைக் கழற்றிவிட்டு, யூஎஸ்பி-சி டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளால் மானிட்டரை நேரடியாக லேப்டாப்பில் செருகுங்கள்.

2. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே போய்ப் பாருங்கள். 60 தேர்வு செய்ய முடிந்தால் டாக்கை மட்டும் மாற்றினால் போதும். லேப்டாப்பில் தண்டர்போல்ட் (யூஎஸ்பி-சி வடிவிலேயே வரும் இன்னும் வேகமான இணைப்பு) இருந்தால் தண்டர்போல்ட் டாக்கே வாங்குங்கள்.

வாங்கும்போது வாட்டையும் பாருங்கள். 100 வாட் சார்ஜருடன் வந்த லேப்டாப்புக்கு 65 வாட் மட்டும் தரும் டாக் போட்டால், கனமான வேலையில் செருகியிருக்கும்போதே பேட்டரி இறங்கும். பலரும் பேட்டரி போய்விட்டதென்று நினைத்துக்கொள்வது இதைத்தான்.

ஆனால் மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்பவர் என்றால் கதை வேறு. மெல்லிய லேப்டாப் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதை எந்த டாக்காலும் தீர்க்க முடியாது. அங்கே தனி டெஸ்க்டாப்பும் வெளியே எடுத்துப்போக ஒரு சாதாரண லேப்டாப்பும்தான் சரி. இரண்டிலும் ஒரே கோப்பைத் திருத்திக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, ஒத்திசைவை முதல் நாளே அமைத்துவிடுங்கள்.