வக்கீலுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: திருவல்லிக்கேணியில் அப்பா விட்டுப்போன வீடு இருக்கிறது. நான் மதுரையில் இருக்கிறேன். கீழ்ப் போர்ஷனில் 22 வருடம் இருந்தவரைக் காலி செய்ய வைப்பதிலேயே அப்பாவின் கடைசிக் காலம் போய்விட்டது. அந்தப் பயத்தில் மூன்று வருடமாகப் பூட்டி வைத்திருக்கிறேன். இப்போது ஓர் இளம் வக்கீல் தம்பதி மாதம் 18,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். "வக்கீலுக்கா? பேசாமல் வீட்டை எழுதியே கொடுத்துவிடுங்கள்" என்கிறார் என் மைத்துனர். கொடுக்கலாமா? இன்னொரு சந்தேகம்: என் மகள் பெங்களூரில் 28,000 வாடகை கட்டுகிறாள். இதற்கெல்லாம் அரசு ஓர் உச்சவரம்பு வைக்கக் கூடாதா?

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதைக் கவனித்தீர்களா? வீட்டுக்காரராக நீங்கள் பயப்படுகிற அதே சட்டத்தைத்தான் வாடகை கட்டும் பெண்ணின் தகப்பனாராகக் கேட்கிறீர்கள். தப்பில்லை, எல்லாரும் அப்படித்தான்.

முதலில் மைத்துனரின் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வீட்டுத் தட்டுப்பாட்டுக்காகத் தற்காலிகமாக வந்ததுதான் வாடகைக் கட்டுப்பாடு. போர் முடிந்தது, கட்டுப்பாடு முடியவில்லை. அது 1960இல் புதிய சட்டமாகி 2019 வரை நம்மோடு இருந்தது. அதன்படி நியாய வாடகை என்பது நிலத்தின் மதிப்பையும் கட்டிடத்தின் மதிப்பையும் கூட்டி, குடியிருப்பானால் அதில் ஆண்டுக்கு 9 சதவீதம், கடையானால் 12 சதவீதம்.

கேட்க எளிமையாக இருக்கும். கோர்ட்டில் என்ன நடக்கும் தெரியுமா? வீட்டுக்காரர் ஓர் இன்ஜினியரைக் கூட்டி வருவார், குடித்தனக்காரர் இன்னொருவரை. இருவரும் ஒரே சுவரை டேப் பிடித்து அளப்பார்கள். கூரை மெட்ராஸ் டெரசா, ஓடா, உத்தரம் தேக்கா, கட்டிடத்துக்கு எத்தனை வயது என்று ஆளுக்கொரு அறிக்கை வரும். ஒருவர் சொல்லும் தொகை மற்றவர் சொல்வதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். நீதிபதி எங்கேயாவது நடுவில் ஒரு தொகையைப் போடுவார். அதன்மேல் அப்பீல். டு-லெட் போர்டு மாட்டினால் ஒரு வாரத்தில் தெருவே சொல்லிவிடுகிற ஒரு விலையை, சிறு வழக்கு நீதிமன்றத்தில் பல வருடம் உட்கார்ந்து கண்டுபிடித்தோம். இரு தரப்புக்கும் ஆஜராகி நானும் ஃபீஸ் வாங்கியவன்தான்.

எழுபதுகளில், மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை கட்டும் வீடுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு விலக்கு வைத்தார்கள். அதையும் 1986இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கடைக்காரருக்கு அப்படி எந்த வரம்பும் இல்லாதபோது வீட்டில் குடியிருப்பவருக்கு மட்டும் ஏன் என்பது அதன் வாதம். 400 ரூபாயும் அதற்குள் மதிப்பிழந்து போயிருந்தது. இதற்குப் பிறகு வலையில் சிக்காத வீடு அபூர்வம்.

ஆனால் வீட்டுக்காரர்களை உண்மையில் முடக்கியது வாடகைத் தொகை இல்லை, வீடு திரும்பக் கிடைக்குமா என்ற சந்தேகம். அந்தப் பழைய சட்டத்தில், பேசிய காலம் முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் யாரையும் காலி செய்யச் சொல்ல முடியாது. சொந்தத் தேவை என்றோ, வேண்டுமென்றே வாடகை தராமல் இருக்கிறார் என்றோ சட்டம் வகுத்த காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். அப்பா போட்ட ஆர்.சி.ஓ.பி.க்கு, அதாவது வாடகைக் கட்டுப்பாட்டு மனுவுக்கு, மகன் தீர்ப்பு வாங்குவது எங்கள் வராண்டாவில் சாதாரணம். நான் பார்த்த ஒரு வழக்கில், மாதம் 175 ரூபாய் வாடகையைக் குடித்தனக்காரர் தவறாமல் கோர்ட்டிலேயே கட்டி வந்த ரசீதுகள் மட்டும் அரையடி உயரம் இருந்தன.

ஊர் இதற்குத் தானாகச் சில வைத்தியங்களைக் கண்டுபிடித்தது. பத்து மாத அட்வான்ஸ் அதில் ஒன்று. இன்னொன்று ஆள் பார்ப்பது. விலையைப் பார்த்துத் தீர்மானிக்க வழியில்லாதபோது மூஞ்சியைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். என்ன ஆளுங்க, அசைவமா, கல்யாணம் ஆகிவிட்டதா என்ற விசாரணைகளுக்கு வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீடு திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால் அந்த விசாரணை பாதியாகக் குறையும். வக்கீலுக்கும் போலீஸுக்கும் வீடில்லை என்ற வழக்கம் முழுக்க முழுக்கச் சட்டம் பெற்ற பிள்ளை. எனக்கே 1990களில் மயிலாப்பூரில் மூன்று வீடுகள் கைநழுவின.

பூட்டிய வீடு மூன்றாவது வைத்தியம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் 1.1 கோடி வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. அத்தனைக்கும் வாடகைச் சட்டம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். முதலீட்டுக்காக வாங்கிப் போட்டதும் உண்டு. உங்கள் வீட்டுக்குக் காரணம் என்னவென்று உங்களுக்கே தெரியும். 18,000 வீதம் 36 மாதத்துக்கு 6,48,000 ரூபாய். அது எந்தப் பட்ஜெட்டிலும் வராத செலவு. அதில் பாதி நஷ்டம், அந்த மூன்று வருடம் அங்கே குடியிருந்திருக்கக் கூடிய முகம் தெரியாத ஒரு குடும்பத்துக்கு.

இனி மகள் விஷயம். உச்சவரம்பு வைத்தால் ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு லாபம்தான், அதை மறைப்பது நேர்மையில்லை. 1994இல் சான் பிரான்சிஸ்கோ நகரம், 1980க்கு முன் கட்டிய சிறு அடுக்குமாடிகளுக்கும் வாடகைக் கட்டுப்பாட்டை நீட்டித்தது. பின்னால் அதை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்ட் பொருளாதார அறிஞர்கள், பழைய குடித்தனக்காரர்கள் அதே வீட்டில் நிலைத்தார்கள் என்று கண்டார்கள். கூடவே, கட்டுப்பாட்டுக்குள் வந்த உரிமையாளர்கள் வாடகைக்கு விடும் வீடுகளை 15 சதவீதம் குறைத்ததையும், நகரம் முழுக்க வாடகை சுமார் 5 சதவீதம் ஏறியதையும் கண்டார்கள். உள்ளே இருந்தவருக்குக் கிடைத்த சலுகைக்கு, பெட்டியோடு புதிதாக வந்து இறங்கியவர் பணம் கட்டினார். உங்கள் மகள் எந்த வரிசையில் நிற்பாள்?

மும்பையைப் பாருங்கள். 1947இல் வந்த சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தில் உறைய வைத்தது. வரும் வாடகை வெள்ளையடிக்கக்கூடப் போதாதபோது யார் ரிப்பேர் செய்வார்? கட்டிடங்கள் மழைக்காலத்தில் சரிந்தன. அதற்காக 1969இல் ரிப்பேர் வரி, ரிப்பேர் வாரியம் என்று இன்னொரு தலையீடு. குடிவருகிறவர் மேசைக்கு அடியில் தருகிற பகடிப் பணம் தனி. வாடகையை இப்படி உறைய வைத்தது நியாயமற்றது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1997 டிசம்பர் ஆனது.

பெங்களூரிலோ, 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகையை 1999ஆம் ஆண்டுச் சட்டமே விட்டுவிட்டது. உங்கள் மகள் சந்தை விலைதான் கட்டுகிறாள். அது குறைய வேண்டுமானால் வீடுகள் கூட வேண்டும்: ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்ற விதி தளர வேண்டும், அனுமதி சீக்கிரம் கிடைக்க வேண்டும், தூரத்து வீட்டிலிருந்து ஆபீஸ் போக வண்டி வேண்டும். மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற எஃப்.எஸ்.ஐ. அளவு சென்னையில் வெகுகாலம் 1.5 ஆக இருந்து 2019இல்தான் 2 ஆனது.

உங்கள் வீட்டுக்கு வருவோம். 22 பிப்ரவரி 2019 முதல், 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நியாய வாடகைக் கணக்கு போயிற்று. வாடகை இரு தரப்பும் பேசி எழுதுவது. எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம். அதை 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம், அதாவது துணை கலெக்டர் நிலையில் இருப்பவரிடம், பதிய வேண்டும். அரசின் இணையதளத்திலேயே செய்யலாம். இதையும் சப்-ரிஜிஸ்திரார் பதிவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் போட்டால் அந்தப் பதிவும் தேவை, 11 மாத ஒப்பந்தங்கள் பிறந்த கதை அதுதான். 11 மாதம் என்பதால் வாடகை அதிகாரியிடம் போக வேண்டாம் என்று புரோக்கர் சொன்னால் நம்ப வேண்டாம். பதிவெண் இல்லாவிட்டால் நாளைக்கு வழக்கு முதல் படியிலேயே இடறும்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, 54,000. ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் வீடு திரும்பக் கிடைக்க வழி இருக்கும்போது பத்து மாதம் பிடித்து வைக்க என்ன அவசியம்? வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றம், பெயின்ட் யார் செலவு, மோட்டார் ரிப்பேர் யார் தலையில் என்பதைப் பச்சையாக எழுதுங்கள். வாடகை வங்கி மூலமே வரட்டும். நோட்டீஸ் கொடுத்தும் இரண்டு மாத பாக்கி தீராவிட்டாலும், அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டாலும், உங்களுக்கே வீடு தேவைப்பட்டாலும் வாடகை நீதிமன்றம் போகலாம். சட்டம் மாதக் கணக்கில் கெடு சொல்கிறது. நடப்பில் கொஞ்சம் இழுக்கும், 22 வருடம் இழுக்காது. கோபத்தில் தண்ணீரையோ கரண்ட்டையோ மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அப்புறம் எதிர்க் கட்சிக்காரர் நீங்கள்தான்.

எனக்கு ஒரு குறை உண்டு. பிடித்த இருவர் பேசி முடித்த ஏற்பாட்டை ஓர் அதிகாரியின் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் செல்லும் என்பது அதிகப்படி. அரசு தன் சொந்தக் கட்டிடங்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு வைத்துக்கொண்டது இன்னும் வேடிக்கை.

அந்தத் தம்பதிக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஒப்பந்தத்தின் வரைவை அவர்களையே எழுதி அனுப்பச் சொல்லி, உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு முன் ஒரு நாள் வந்து ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மூன்று வருடம் பூட்டிய திருவல்லிக்கேணி வீட்டில் கரையான் எந்த நிலைப்படியில் ஏறியிருக்கிறதோ, தெரியாது.