எதிராளி பேசும்போது முகத்தைப் பாருங்கள்

கேள்வி: கடந்த இதழில் 2024-ன் சிறந்த நடிப்பு என்று ஆறு பேரை எழுதியிருந்தீர்கள். ‘கொட்டுக்காளி’ அன்னா பென், ‘மெய்யழகன்’ அரவிந்த்சாமி, ‘வாழை’ சிறுவன் பொன்வேல், ‘ஜமா’ சேத்தன், ‘ஜெ பேபி’ ஊர்வசி, ‘லப்பர் பந்து’ சுவாசிகா. ஜனங்கள் கொண்டாடிய நாயகர்களை ஒதுக்கிவிட்டீர்கள். ‘தங்கலான்’ படத்துக்காக விக்ரம் உடம்பை வருத்திக்கொண்டது, ‘மகாராஜா’ விஜய் சேதுபதி, ‘அமரன்’ சிவகார்த்திகேயன் எல்லாம் உங்கள் கண்ணில் படவில்லையா? தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு மேதாவி என்று பெயர் வாங்கத்தான் இந்தப் பட்டியலா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: மூன்று படங்களையும் பார்த்தேன். மூவரின் உழைப்பிலும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் உழைப்பு வேறு, நடிப்பு வேறு. ‘உடம்பை வருத்திக்கொண்டது’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எடையைக் குறைப்பதும் வெயிலில் கிடப்பதும் நடிப்புக்கான தயாரிப்பு. கேமரா ஓடும்போது எதிரில் நிற்பவரிடமிருந்து அவர் என்ன வாங்கிக்கொள்கிறார், திருப்பி என்ன கொடுக்கிறார் என்றுதான் நான் பார்க்கிறேன். இதே விக்ரம் ‘பிதாமகன்’ (2003) படத்தில் பேச்சே இல்லாத வெட்டியானாக வந்து தேசிய விருது வாங்கினார். சூர்யா வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, அதைப் பார்த்துப் பார்த்தே கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிற முகம் அது. அதற்கு ஈடாக ‘தங்கலா’னில் ஒரு காட்சி எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் படத்தில் என் மனசில் நிற்பவர் பார்வதி. முதல்முறையாக ரவிக்கை போட்டுப் பார்க்கிற பெண்களுக்கு நடுவே கங்கம்மாவாக வரும் அவர் முகத்தில் வெட்கமும் திமிரும் சேர்ந்து வருகிற சிரிப்பைப் பாருங்கள். வேப்பனப்பள்ளியைத் தாண்டினால் கோலார் ஜில்லா. 2001-ல் தங்கவயல் சுரங்கம் மூடப்படும் வரை அங்கே பாடுபட்ட குடும்பங்கள் நம் பக்கத்திலும் உண்டு. அந்தச் சிரிப்பு யாருடைய பாட்டி சிரித்த சிரிப்பு என்று நமக்குத் தெரியும்.

தருமபுரியில் உட்கார்ந்திருப்பதை ஒரு குறையாகச் சொல்கிறீர்கள். நான் நடிப்பைப் பார்க்கக் கற்றுக்கொண்டது இங்கேதான். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனன் வதமாகிய படுகளம். துகில் ராத்திரியில் துச்சாதன வேஷக்காரர் கிரீடமும் மார்ப்பதக்கமுமாகக் களமே அதிர ஆடுவார். விசில் அவருக்குத்தான். ஆனால் முன்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிற கிழவிகளின் கண் பாஞ்சாலியை விட்டு நகராது. அவன் அதட்டும்போது இவள் என்ன செய்கிறாள், தலை குனிகிறாளா, சபையை நிமிர்ந்து பார்க்கிறாளா? விடிந்ததும் ‘பொம்பளை வேஷம் சரியில்லை’ என்று அவர்கள் சொல்லிவிட்டால், அந்த ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, அடுத்த வருஷம் அந்த ஊரில் தாம்பூலம் வைத்து அழைப்பு கிடையாது. வசனம் எதிராளிக்கு இருக்கும்போது நடிகர் என்ன செய்கிறார் என்று பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தக் கிழவிகள். சினிமாவுக்கும் நான் வைத்திருக்கிற அளவுகோல் அது ஒன்றே.

அதனால்தான் ‘ஜமா’வில் சேத்தன். கதை திருவண்ணாமலைப் பக்கத்துக் கூத்துக்காரர்களுடையது. பெண் வேஷம் மட்டுமே கட்டிவந்த கல்யாணம் அர்ச்சுனன் வேஷம் கட்ட ஆசைப்படுகிறான். எழுதி இயக்கிய பாரி இளவழகனே அந்த வேடத்தையும் ஏற்றிருக்கிறார், நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் அந்த ஜமாவைக் கையில் வைத்திருக்கும் வாத்தியார் தாண்டவமாக வருகிற சேத்தன் செய்திருப்பது இன்னும் கடினம். அவர் கெட்டவர், பிறத்தியார் உழைப்பைப் பிடுங்கியவர். அரிதாரம் பூசிக்கொண்டு இறங்கிவிட்டாலோ அசல் கலைஞர். நம் ஊர்ப்பக்கம் கூத்தோடு பழகியவர்களுக்கு இப்படிப்பட்ட வாத்தியார்களைத் தெரியும். கும்பிடவும் தோன்றும், அடிக்கவும் தோன்றும். இரண்டையும் ஒரே உடம்பில் சேத்தன் வைத்திருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ‘விடுதலை 2’ படத்தில் காக்கிச் சட்டையில் வந்தவரும் இவர்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், நடையில்கூட ஒன்றின் சாயல் இன்னொன்றில் இல்லை.

‘கொட்டுக்காளி’யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மீனா வேற்றுச் சாதிப் பையனை விரும்புகிறாள். ‘பேய் பிடித்திருக்கிறது’ என்று முடிவுசெய்த குடும்பம், அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. கதை இவ்வளவுதான். பின்னணி இசை கிடையாது. அன்னா பென்னுக்கு வசனமும் கிட்டத்தட்டக் கிடையாது. தப்பு செய்தவள் மாதிரியும் இல்லாமல், எதிர்த்து நிற்கிற புரட்சிப்பெண் மாதிரியும் இல்லாமல், எல்லாம் முடிந்த பிறகும் தன் மனசுக்குள் ஒரு இடத்தை விட்டுக்கொடுக்காத பெண்ணாக அவர் உட்கார்ந்திருக்கிறார். வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வருகிறது. அவள் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாள். அந்தச் சின்ன அசைவைத் தாங்க முடியாமல்தான் அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை பாண்டி (சூரி) வெறிபிடித்துக் கூட வந்தவர்களையெல்லாம் அடிக்கிறான். ஒரு பெண்ணின் உதடு அசைந்ததற்கு ஒரு குடும்பமே அடி வாங்குவதை நாம் நம்புகிறோம் என்றால், அதுவரை அந்த உதடு எவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தது என்று யோசியுங்கள். 2012 நவம்பரில் ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்காக வைத்து தலித் மக்களின் நத்தம் காலனி கொளுத்தப்பட்ட மாவட்டம் நம்முடையது. இங்கே இருந்துகொண்டு அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, பட்டியலில் வேறொருவரை முதலில் எழுத என்னால் முடியாது. இன்னொன்றும் சொல்கிறேன்: பி.எஸ்.வினோத்ராஜின் அந்தப் படத்தைத் தயாரித்தது நீங்கள் கேட்கிற சிவகார்த்திகேயனின் நிறுவனம்தான். அதற்காக அவருக்கு என் நன்றி உண்டு.

அது வெளியான அதே ஆகஸ்ட் 23-ம் தேதிதான் மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வந்தது. பொன்வேலைச் சேர்த்தது சின்னப் பையன் என்கிற இரக்கத்தால் அல்ல. உங்கள் ஊர் தக்காளி மண்டிக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். வருஷக்கணக்காகச் சுமை தூக்குகிறவரின் கழுத்து எப்படி இறங்கியிருக்கிறது, நேற்று வந்து சேர்ந்தவரின் கழுத்து எப்படி முரண்டு பிடிக்கிறது என்று ஐந்து நிமிஷத்தில் பிரித்துச் சொல்லிவிடலாம். வாழைத்தாரைத் தலையில் ஏற்றிக்கொண்டு சேற்றில் கால் வைக்கிற சிவனைந்தனிடம் அந்த இரண்டாவது கழுத்து இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதே பையனின் கழுத்து நிமிர்ந்துவிடுகிறது. சொல்லிக்கொடுத்து வராத விஷயம் இது. கடைசியில் வீட்டில் சாவு கிடக்க, பசி தாங்காமல் சோற்றில் கை வைக்கிறானே, அங்கே அவன் அழவில்லை. அவனுக்குப் பசிக்கிறது, அவ்வளவுதான். தேர்ந்த நடிகர்கள் பலர் அந்த இடத்தில் அழுது கெடுத்திருப்பார்கள்.

விஜய் சேதுபதியைப் பொறுத்தவரை உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். போலீஸ் ஸ்டேஷனில் ‘லட்சுமியைக் காணோம்’ என்று ஒரே கதையை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஒப்பிக்கிறாரே, அது பெரிய நடிப்பு. லட்சுமி என்ற குப்பைத்தொட்டிக்காக இப்படி அலைகிறானே என்று எல்லாரும் சிரிக்க, அவர் கண்ணிமைகூட ஆடவில்லை. ஆனால் நித்திலன் சாமிநாதனின் திரைக்கதை ரகசியத்தைக் கடைசிவரை மூடி வைக்கிறது, அதனால் அந்த முகமும் மூடியே இருக்கவேண்டியிருந்தது. நம்மைக் கலங்கடித்ததில் பெரிய பங்கு காட்சிகளை அடுக்கிய விதத்துக்கு. இன்னும் இடம் இருந்திருந்தால் அவர் பெயரையும் எழுதியிருப்பேன்.

‘மெய்யழக’னில் எல்லாரும் கார்த்தியைப் பேசினார்கள். பேசுகிறவருக்குக் கைதட்டல் வருவது வழக்கம்தான். அந்தப் படம் நிற்பது கேட்கிறவர் மேல். தன்மேல் இவ்வளவு பாசத்தைக் கொட்டுகிற இந்த ஆள் யார், பேர் என்ன என்றே அருள்மொழிக்கு ஞாபகம் இல்லை. அதைச் சொல்லிவிடவும் முடியவில்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு விநாடி தாமதித்துச் சிரிக்கிறார் அரவிந்த்சாமி. அந்த ஒரு விநாடியில் குற்றவுணர்ச்சி இருக்கிறது, ராத்திரி ஏற ஏற அது பாசமாகிறது. துகில் கூத்துக் கிழவிகள் அவருக்குத்தான் தாம்பூலம் வைப்பார்கள்.

ஊர்வசியைப் பற்றி நான் வாதாட வேண்டியதே இல்லை. ஒரே காட்சிக்குள் சிரிக்கவைத்து, அந்தச் சிரிப்புக்காகவே நம்மைக் கூசவைக்க இன்று தமிழில் அவரை விட்டால் ஆள் இல்லை. ‘ஜெ பேபி’யில் மூத்த மகனாக வந்த மாறனையும் கவனியுங்கள். ‘லப்பர் பந்து’ சுவாசிகாவை ‘வீட்டுக்காரி வேஷம்தானே’ என்று சிலர் லேசாகப் பேசினார்கள். நித்யா மேனனுக்கு ‘திருச்சிற்றம்பலம்’ படத்துக்காகத் தேசிய விருது அறிவித்தபோதும் இதே பேச்சு எழுந்தது, தோழி வேஷத்துக்கு விருதா என்று. அழுதால்தான், ரத்தம் சிந்தினால்தான் நடிப்பு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. முப்பதுகளில் இருக்கும் ஒரு நடிகை கல்யாண வயசுப் பெண்ணுக்குத் தாயாக நின்று, புருஷனின் கிரிக்கெட் பைத்தியத்தின் மேல் வெறுப்பையும் அவன் மேல் காதலையும் ஒரே முறைப்பில் காட்டுவது அவ்வளவு லேசான காரியமா?

மிச்சம் ‘அமரன்’. இந்தப் படத்தை வைத்து என்னோடு சண்டை போடுவதாக இருந்தால், சாய் பல்லவியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அந்தப் படமே அவர் ஏற்ற வேடமான, முகுந்தின் மனைவி இந்துவின் வாயால் சொல்லப்படுவது. சிவகார்த்திகேயன் மேஜர் முகுந்தின் விறைப்பை மரியாதையோடு தாங்கியிருக்கிறார், அதற்கு மேல் அவருக்கு அங்கே இடம் இல்லை. உயிர் சாய் பல்லவியிடம் இருக்கிறது. அவர் பெயரை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்தேன். அவர் கலங்கும் ஒவ்வொரு இடத்திலும் இசை முன்னாலேயே வந்து நம்மைத் தயார்படுத்திவிடுகிறது. அன்னா பென்னுக்கு அந்தத் துணைகூட இல்லை. இந்தக் காரணம் போதாது என்று நீங்கள் நினைத்தால் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன். வசூல் கணக்கு வேண்டாம். எந்தக் காட்சி, அதில் எந்த இடம் என்று எழுதுங்கள்.